லிமா நகருக்குள் இருக்கும் மண் பிரமிடுகள்: இரண்டு நாளில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

கயல்

வணக்கம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் பெரு போகிறோம். குஸ்கோவுக்குக் கிளம்பும் முன் லிமாவில் செவ்வாய், புதன் இரண்டு நாளும் முழுதாகக் கையில் இருக்கின்றன. தங்குவது மிராஃப்ளோரஸ் பகுதியில், கென்னடி பூங்கா பக்கம்.

ஊருக்கு நடுவிலேயே சுடாத மண்கல்லால் கட்டிய பிரமிடுகள் இருப்பதாகப் படித்தேன். வாக்கா புக்யானா, வாக்கா வாயாமார்க்கா என்ற இரண்டு பெயர்கள்தான் அடிக்கடி வருகின்றன (வாக்கா என்றால் பழங்காலப் புனித இடம்). செவ்வாய் காலை புக்யானா, மதியம் வாயாமார்க்கா, புதன்கிழமை ஊர் சுற்றுவது என்று திட்டம். சரியாக வருமா? நாமாகச் சுற்றலாமா, வழிகாட்டி வேண்டுமா? இரவில் பார்ப்பது நன்றாக இருக்கும் என்கிறார்களே, பகலை விட்டுவிட்டு இரவில் மட்டும் போனால் போதுமா?

உடன் வரும் அம்மாவுக்கு 68 வயது. சமதளத்தில் நன்றாக நடப்பார், ஏற்றம் என்றால் முழங்கால் வலிக்கும். பையனுக்கு 12 வயது. பூகம்பம் அடிக்கிற ஊரில் மண்கல் கட்டடம் எப்படி 1,500 வருஷம் நின்றது என்று இப்போதே கேட்கிறான். அதற்கும் யாராவது விளக்கம் சொன்னால் நல்லது.

மேட்டுமண்

முதலில் நாளை மாற்றுங்கள். புக்யானாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாயாமார்க்காவுக்கும், ஊருக்குத் தெற்கே உள்ள பச்சாகாமக் என்ற பழைய கோயில் வளாகத்துக்கும் திங்கள்கிழமை விடுமுறை. ஒரே ஊரில் இரண்டு விதமாக இருப்பதால் பலர் பூட்டிய வாசலில் நின்று திரும்புகிறார்கள். உங்கள் இரண்டு நாளுக்கு வாயாமார்க்காவைச் செவ்வாயிலும் புக்யானாவைப் புதனிலும் வைத்தால் எல்லாம் அடங்கிவிடும்.

புக்யானாவில் தனியாகச் சுற்ற விடமாட்டார்கள். நுழைவுச்சீட்டிலேயே வழிகாட்டி சேர்த்தி. ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் குழுக்கள் கிளம்பும். சுற்று முடிய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பெரியவர்களுக்குக் கட்டணம் சுமார் 15 சோல், சிறுவர்களுக்குக் குறைவு. ஆங்கிலக் குழு சேரும்வரை காத்திருக்க வேண்டி வரலாம். அந்த நேரத்தில் வாசலருகே உள்ள சிறிய கண்காட்சிக் கூடத்தைப் பார்த்துவிடுங்கள். சுறா வரைந்த மண்பாண்டங்களை அங்கே முதலில் பார்த்துவிட்டால், மேலே போனதும் வழிகாட்டி சொல்லும் சடங்கு உடனே புரியும். அந்தக் கடலோர மக்கள் விருந்து வைத்து, பெரிய பெரிய சால்களை வேண்டுமென்றே உடைத்துக் காணிக்கை ஆக்கியிருக்கிறார்கள்.

அந்த ஒரே மேட்டில் மூன்று காலம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. இது தெரியாமல் போனால் வழிகாட்டி சொல்லும் பெயர்கள் குழப்பும். பிரமிடைக் கட்டியவர்கள் லிமா பண்பாட்டு மக்கள், தோராயமாகக் கி.பி. 200 முதல் 700 வரை. அவர்கள் விட்டுப் போன பிறகு, மலைப் பகுதியிலிருந்து வந்த வாரி மக்கள் உச்சியைத் தோண்டித் தங்கள் உயர்குடியினரை அங்கே புதைத்தார்கள். அதற்கும் பின்னால், சுமார் 1000 முதல் இன்காக்கள் வரும்வரை, இச்மா மக்கள் இதைப் பழைய புனித இடமாக மதித்துத் தங்கள் இறந்தவர்களையும் காணிக்கைகளையும் இட்டார்கள். 2023-இல் செய்தியில் வந்த, நீண்ட தலைமுடி அப்படியே இருந்த மம்மி இச்மா காலத்தது. ஆக, உச்சியில் நீங்கள் பார்க்கும் கல்லறைக் குழிகள் பிரமிடைக் கட்டியவர்களுடையவை அல்ல.

அம்மாவுக்கு: கீழே வடகிழக்குப் பக்கம் முற்றங்களும் சிறு அறைகளுமாக இருக்கும் பகுதி கிட்டத்தட்டச் சமதளம். அங்கிருந்து பிரமிடின் மேல் ஏறுவது மண் சரிவுப்பாதை, நடுநடுவே படிகள். உயரம் 20 மீட்டருக்குச் சற்று மேல். ஏழு மேடைகளாக ஏறுவதால் ஒரே மூச்சாக ஏற வேண்டியதில்லை, குழு நின்று நின்றுதான் போகும். முடியாவிட்டால் கீழேயே இருந்துவிடுவதாக வழிகாட்டியிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். பாதி வழியில் தனியாகத் திரும்ப அனுமதிப்பதில் அவர்களுக்குச் சிக்கல் உண்டு. கீழே பழங்காலப் பயிர்கள் வளர்க்கும் சிறு தோட்டமும், கினிப்பன்றி, அல்பாகா அடைத்து வைத்த பகுதியும் இருப்பதால் அவருக்கும் பொழுது போகும்.

இரவுச் சுற்று பகல் சுற்றைவிடச் சிறியது. அதை மட்டும் பார்த்தால் கட்டுமானம் பாதிதான் புரியும். புதன் முதல் ஞாயிறு வரைதான் இரவில் திறப்பார்கள். அதனால் உங்கள் புதன்கிழமையில் பகல் சுற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆசை இருந்தால் இரவில் இன்னொரு முறை போகலாம்.

கென்னடி பூங்காவிலிருந்து நடக்கிற தூரம்தான், இருபது இருபத்தைந்து நிமிடம். வாசல் ஹெனரல் போர்கோஞோ தெருவில். அம்மாவை நடக்க வைக்காமல் ஊபர் போட்டுக்கொள்ளுங்கள். தெருவில் கைகாட்டி நிறுத்தும் டாக்ஸிகளில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேச வேண்டும்.

கல்தச்சன்

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன், அதுதான் இந்த ஊரில் பார்க்க வேண்டிய விஷயமே.

புக்யானாவின் சுவரை அருகில் போய்ப் பார்த்தால், கற்கள் நம் செங்கல் சுவர்போலப் படுத்திருக்காது. கையால் பிடித்து வெயிலில் உலர்த்திய சின்னச் சின்ன மண்கற்களை, அலமாரியில் புத்தகம் வைப்பதுபோல் நிறுத்தி அடுக்கியிருப்பார்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஒரு பட்டை களிமண் சாந்து, அதன்மேல் அடுத்த வரிசை. பக்கத்துப் பக்கத்துக் கற்களுக்கு நடுவே விரல் நுழைகிற மாதிரி இடைவெளி. சுவரும் முழு நீளத்துக்கு ஒரே ஓட்டமாகப் போகாது. கீழே அகலம், மேலே குறுகல் என்று சரிவகத் துண்டுகளாகப் பிரிந்து நிற்கும். இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு சாய்ந்த கோடு தெரியும். தம்பியை அந்தக் கோட்டைத் தேடச் சொல்லுங்கள்.

நிலம் பக்கவாட்டில் ஆடும்போது, இறுகிப் பிணைந்த மண்சுவர் உடைவதைத் தவிர வேறு வழியில்லை. காய்ந்த மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்கவே தாங்காது. இங்கே ஒவ்வொரு கல்லுக்கும் கொஞ்சம் அசைய இடம் இருக்கிறது, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக ஆடுகிறது. விரிசல் விட்டாலும் அந்தத் துண்டோடு நின்றுவிடுகிறது. சுவர் நெடுகப் பரவுவதில்லை. வழிகாட்டிகளும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் இடைவெளி மட்டும் காப்பாற்றியது என்று நினைத்துவிடக் கூடாது. உருவம் அதைவிடப் பெரிய காரணம். இது உள்ளே அறை இருக்கிற கட்டடம் அல்ல. சுவர்களுக்கு நடுவில் மண்ணும் ஆற்றுக் கல்லும் கொட்டி நிரப்பிய திடமான மேடு. அகலம் அதிகம், உயரம் குறைவு, படிப்படியாக உள்வாங்குகிறது, தலையில் கனமான கூரை இல்லை. சரிவதற்கு வேண்டிய எதுவுமே அதனிடம் இல்லை. 2007 ஆகஸ்ட் 15-இல் பிஸ்கோ பகுதியை உலுக்கிய பூகம்பத்தில் அதே மண்கல்லால் கட்டிய வீடுகள் ஏராளமாக விழுந்தன. மெல்லிய உயரமான சுவர், மூலைகளில் பிணைப்பு இல்லை, மேலே கூரைப் பாரம். சுவர் வெளிப்பக்கமாகச் சாய, கூரை உள்ளே இறங்கியது. பொருள் ஒன்றுதான், உருவம்தான் வேறு. தம்பியிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அவனே மீதியைப் பிடித்துக்கொள்வான்.

இன்னொன்று, கல்லின் முகத்தைக் கவனியுங்கள். அச்சில் வார்க்காததால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சிலவற்றில் பிசைந்தவரின் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும். இதெல்லாம் வெளியே தெரிவதற்காகச் செய்ததல்ல. அந்தக் காலத்தில் சுவர்மேல் மண்பூச்சுப் பூசி, மஞ்சள் வண்ணமும் அடித்திருந்தார்கள். இன்று நாம் பார்ப்பது தோல் உரிந்த உடம்பு. ஒதுக்குப்புறமான மூலைகளில் வழவழப்பான பழைய பூச்சின் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கயல்

இருவருக்கும் மிக்க நன்றி. செவ்வாய் விடுமுறை என்று தெரியாமலே போயிருப்பேன்.

வாயாமார்க்காவைப் பற்றி ஒரு சந்தேகம். படத்தில் பார்த்தால் விளிம்பெல்லாம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கிறது. அது அசல்தானா, புதிதாகக் கட்டியதா? அப்படியென்றால் போக வேண்டுமா?

தென்திசை

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. வாயாமார்க்காவின் இன்றைய வடிவத்தில் பெரும் பகுதி 1950-களின் கடைசியில் அர்த்தூரோ ஹிமேனெஸ் போர்ஹா தலைமையில் நடந்த மறுகட்டுமானம். அந்த நேரான விளிம்பும், முன்னால் ஏறும் நீண்ட சரிவுப்பாதையும் அப்போது சீர்செய்தவை. இன்றைய தொல்லியல் நெறிப்படி எது பழசு, எது புதுசு என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். இவ்வளவு முழுமையாகக் கட்டி முடிக்க அனுமதி கிடைக்காது. என்னைக் கேட்டால், நேரம் குறைவாக இருந்தால் இதை விட்டுவிட்டு பச்சாகாமக் போங்கள்.

பச்சாகாமக் நகர மையத்திலிருந்து தெற்கே 30 கிலோமீட்டர் அளவில், லூரின் பள்ளத்தாக்கில். போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம் பிடிக்கும். அம்மாவுக்கு இதில் பெரிய வசதி: இடம் பரந்து கிடப்பதால் வண்டியிலேயே உள்ளே ஒரு சுற்று வரலாம். எனவே போன டாக்ஸியை அனுப்பிவிடாதீர்கள். போக, காத்திருக்க, திரும்ப எல்லாம் சேர்த்து முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அங்கே வண்டி பிடிப்பது சிரமம். சூரியன் கோயிலின் மேல் ஏறுவது மட்டும் நடைதான். அதை நீங்களும் பையனும் ஏறிப் பார்க்கலாம். மேலே நின்றால் கடலும் தீவுகளும் தெரியும்.

அங்கேயே எல்லாக் காலக் கட்டுமானத்தையும் பார்த்துவிடலாம். பழைய கோயிலில் புக்யானாவில் உள்ளது போன்ற சிறு மண்கற்கள், இச்மா மக்களின் சரிவுப்பாதைப் பிரமிடுகள், இன்காக்கள் எழுப்பிய சூரியன் கோயில். தள அருங்காட்சியகத்தில் பச்சாகாமக் தெய்வத்தின் மரச்சிலை இருக்கிறது. உயரம் 2.34 மீட்டர், ஒற்றை மரத்தில் செதுக்கியது. 1938-இல் வண்ணக் கோயிலில் கிடைத்தது. 1533-இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாண்டோ பிசாரோ இங்கே வந்து சிலையை உடைத்தார் என்பது பழைய பதிவு. இது அந்தச் சிலைதானா என்ற விவாதம் நெடுநாள் இருந்தது. 2020-இல் வெளியான ஆய்வு மரத்தின் வயதை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு என்று கணித்ததோடு, மேலே சிவப்பு வண்ணத்துக்குப் பாதரசத் தாது (சின்னபார்) பூசியிருந்ததையும் கண்டறிந்தது. தம்பிக்கு இதைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

மேட்டுமண்

தென்திசை சொல்லும் பச்சாகாமக் யோசனை நல்லது, செவ்வாய்க்குப் பொருந்தும். ஆனால் வாயாமார்க்காவை விடச் சொன்னதை நான் ஏற்கமாட்டேன்.

மறுகட்டுமானம் என்று தெரிந்தே போனால் அது ஒரு பாடம். 1950-களில் பழமையைக் காப்பது என்றால் என்ன நினைத்தார்கள், இன்று என்ன நினைக்கிறார்கள் என்பதை இரண்டு இடத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் உணர முடியும். புக்யானாவில் தோண்டாத பகுதியை வெறும் மண்மேடாகவே விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் தெளிவான படிகள், இன்னொரு பக்கம் கரைந்து வழிந்த குன்று. அந்தக் குன்றைப் பார்த்தால்தான் 1981-இல் தொல்லியலாளர் இசபெல் ஃபுளோரஸ் குழு வேலை தொடங்கியபோது எந்த நிலையில் இருந்தது என்று புரியும்.

வாயாமார்க்காவின் அடியில் உள்ள மண்கல்லும் வேறு வகை. புக்யானாவுக்கும் முற்பட்ட கட்டடம். கையில் உருட்டிக் கூம்பாகப் பிடித்த கற்கள் அங்கே உண்டு. சிறு அருங்காட்சியகத்தில் நீண்ட கூந்தலோடு கூடிய பெண்ணின் மம்மி இருக்கிறது. கட்டணமும் மிகக் குறைவு, குழுவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, நம் வேகத்தில் ஏறி இறங்கலாம். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பச்சாகாமக்கிலிருந்து திரும்பும் வழியில் மூன்று, மூன்றரைக்குள் வாயாமார்க்கா இருக்கும் சான் இசிட்ரோ பகுதிக்கு வந்துவிட்டால் போதும். சரிவுப்பாதையில் படி இல்லாததால் அம்மா மெதுவாக ஏறலாம். முடியாவிட்டால் மம்மி இருக்கும் கூடம் கீழேதான்.

மூன்றாவது வகைக் கட்டுமானமும் ஊருக்குள் இருக்கிறது: மத்தேயோ சலாதோ. புவெப்லோ லீப்ரே, ப்ரேஞா எல்லையில் ஐந்து பிரமிடுகள், இச்மா காலத்தவை. இங்கே மண்கல்லே இல்லை. மரப்பலகைகளை இரு பக்கமும் நிறுத்தி, நடுவில் ஈரமண்ணைக் கொட்டி இடித்து இடித்து ஏற்றிய பெரும் சுவர்கள். பெயருக்கு உரியவர் அங்கே துறவிபோல வாழ்ந்த ஒரு பிரெஞ்சு புரொட்டஸ்டண்ட். 1573-இல் மத விசாரணை மன்றம் அவரை எரித்துக் கொன்றது. புதன் மதியம் லார்க்கோ அருங்காட்சியகம் போவதாக இருந்தால் அதே பக்கம்தான். திறக்கும் நாளை மட்டும் விடுதியில் சொல்லித் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இது எல்லா நாளும் திறக்கும் இடம் அல்ல.

கூம்புக் கல், நிறுத்தி அடுக்கிய கல், இடித்த மண்சுவர். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு மண்வேலையை ஒரே ஊரில் இப்படி வரிசையாகப் பார்க்கக் கிடைப்பது அரிது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "மண்மேடுதானே" என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கல்தச்சன்

ஆகஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த மாதம் லிமாவில் குளிர்காலம். வானம் நாள் முழுக்கச் சாம்பல் நிறம், வெப்பம் 15 முதல் 19 டிகிரி, காற்றில் ஈரம். மழை என்று சொல்ல முடியாத பொடித்தூறல் விழும், கருவா என்பார்கள். குடை வேண்டாம், மேல்சட்டை போதும். வெயில் இல்லாததால் ஏறுவது சுலபம். ஆனால் படம் எடுக்கிறவர்களுக்கு நிழலே விழாது, நிறுத்தி அடுக்கிய கற்கள் தட்டையாகத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காக இரவுச் சுற்றும் போகலாம். விளக்கு பக்கவாட்டில் கீழிருந்து அடிப்பதால் ஒவ்வொரு கல்லின் இடைவெளியும் எடுப்பாகத் தெரியும். வாசலை ஒட்டிய உணவகத்திலிருந்தும் ஒளியூட்டிய பிரமிடு தெரியும். விலை அதிகம், இரவுக்கு முன்பதிவு வேண்டும். வெறும் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்ப்பது சுற்றுக்கு ஈடாகாது.

இந்த ஈரம்தான் மண்ணுக்கு முதல் எதிரி. லிமாவில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை ஓரிரு சென்டிமீட்டருக்குள் அடங்கும், அதனால்தான் இவ்வளவு காலம் நின்றது. ஆனால் கடல் பனியும், பக்கத்துத் தெருவில் கசியும் குழாயும், புல்வெளிக்கு விடும் தண்ணீரும் உப்பைக் கரைத்துச் சுவருக்குள் ஏற்றுகின்றன. ஈரம் காயும்போது உப்பு மேல்தோலில் படிகமாகித் தள்ளுகிறது. மண் மாவாக உதிர்கிறது. சுவரின் அடியில் வெள்ளைப் பூப்போலப் படிந்திருந்தால் அது இந்த வேலைதான். முதலில் அடி அரிக்கும், பிறகு மேலே உள்ளது சரியும். உப்பு ஏறிய சுவரை விரலால் தொட்டாலே பொடி கொட்டும், ஆகவே தம்பி கையைப் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

ஈரத்தைவிட வேகமாக அழித்தது நகரம். புக்யானாவின் நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் 6 ஹெக்டேர், மீதி தெருவாகவும் வீடாகவும் ஆகிவிட்டது. 1984-இல் தள அருங்காட்சியகம் வந்த பிறகுதான் எல்லை நிலைத்தது. லிமாவின் வடக்கில் எல் பராய்சோ என்ற இடத்தில், இவற்றைவிடப் பல மடங்கு பழமையான கல் பிரமிடுகளில் ஒன்றை 2013-இல் இயந்திரம் விட்டு இடித்தே தள்ளினார்கள்.

கயல்

அப்படியானால் செவ்வாய் காலை பச்சாகாமக், மதியம் வாயாமார்க்கா. புதன் காலை புக்யானா, மதியம் லார்க்கோவும் திறந்திருந்தால் மத்தேயோ சலாதோவும். அம்மாவை விடுதியில் விட்டுவிட்டு இரவில் நானும் பையனும் மட்டும் புக்யானா. கடைசியாக ஒன்று: துருஹியோ பக்கம் இன்னும் பெரிய மண் பிரமிடு இருக்கிறதாமே, ஒரு நாளில் போய் வர முடியுமா?

தென்திசை

இந்தப் பயணத்தில் வேண்டாம். லிமாவிலிருந்து 560 கிலோமீட்டர் அளவு. விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், பேருந்தில் ஓர் இரவு முழுதும். குறைந்தது ஒன்றரை நாளாவது அங்கே தங்க வேண்டும்.

அங்கே மோச்சே மக்கள் கட்டிய சூரிய வாக்காவுக்கு 14 கோடி மண்கல் வரை ஆகியிருக்கும் என்ற கணக்கு உண்டு. கற்களில் செய்தவர்களின் குறிகள், நூற்றுக்கு மேற்பட்ட வகை. ஸ்பானியர்கள் தங்கம் தேடி மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டுக் கரைத்ததில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று உள்ளே விடுவதில்லை, வெளியிலிருந்து பார்க்கலாம். உள்ளே போகிறது எதிரே உள்ள சந்திர வாக்காவுக்கு. பழைய மேடையை மண்கல்லால் நிரப்பி மூடி அதன்மேல் புதியதை எழுப்பியதால், உள்ளே புதைந்த சுவர்களின் வண்ணச் சிற்பங்கள் கலையாமல் இருக்கின்றன. 1991-இலிருந்து அகழ்வு நடக்கிறது. சான் சான் என்ற பழைய மண் நகரமும் அதே ஊர்ப்பக்கம்தான். அடுத்த முறை லிமாவை ஒரு நாளாகக் குறைத்து, துருஹியோவுக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

புதன்கிழமைக்கு ஒரு திருத்தம்: புக்யானாவில் பகல் சுற்றின் கடைசிக் குழு மூடும் நேரத்துக்கு வெகு முன்பே கிளம்பிவிடும். காலை 9 மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள். பள்ளிக் குழுக்கள் வருவதற்குள் சிறு குழுவாகச் சுற்றினால் தம்பிக்குக் கேள்வி கேட்க நேரம் கிடைக்கும்.